புதுச்சேரியில் எங்கே ஜாகை?

புதுச்சேரிக்குக் கிளம்புகிறவர்கள், அங்கே என்னென்ன பார்ப்பது என்று விசாரிப்பதற்கு முன்னால், சமுத்திரம் தெரியும்படியான அறை எந்த விடுதியில் அகப்படும் என்று விசாரிக்கிறார்கள். கேள்வியில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஊரில் ஜாகை பிடிக்கிறவர் முதலில் கேட்க வேண்டியது கடலைப் பற்றி அல்ல, வாய்க்காலைப் பற்றி என்பது நமது அபிப்பிராயம்.

வடக்கு தெற்காகச் செல்லும் பெரிய வாய்க்கால் பழைய பட்டணத்தை இரண்டாக வகிர்ந்திருக்கிறது. கிழக்கே, கடலை ஒட்டி, பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த பகுதி. மேற்கே தமிழர் பகுதி. முன்னதை வெள்ளைப் பட்டணம் என்றும், பின்னதைக் கறுப்புப் பட்டணம் என்றும் ஆட்சியாளர்கள் அழைத்து வந்தார்கள். 1954-ல் ஆட்சி கைமாறியது. கறுப்புப் பட்டணம் என்ற பெயர் வழக்கொழிந்து போயிற்று. மற்றப் பெயர் மட்டும் 'ஒயிட் டவுன்' என்று விடுதி விளம்பரங்களில் இன்றைக்கும் ஜொலிக்கிறது! அந்த இரண்டு சொற்களுக்காகவே வாடகையில் ஒரு பங்கு போகிறது என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

கிழக்குப் பகுதி அழகில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. நேரான தெருக்கள், மஞ்சள் பூசிய சுவர்கள், அவற்றின் மேல் கவிந்து தொங்கும் காகிதப் பூக்கொடிகள், சாயங்காலத்தில் வண்டிகளுக்கு இடமில்லாத கடற்கரைச் சாலை எல்லாம் மனத்துக்கு ரம்மியமானவைதான். ஆனால் அந்த வீடுகளின் அழகு உயர்ந்த மதிலுக்கு உள்ளே இருக்கிறது. தெருவில் நடப்பவருக்குக் கிடைப்பது மதிலும் சாத்திய வாயிலுந்தான். சமுத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: 1980-களின் பிற்பகுதியில் தெற்கே துறைமுகம் கட்டினார்கள். அதன் அலைதடுப்புச் சுவர்கள் வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்துவிட்டன. பழைய மணற்கரையை அலை அரித்துக்கொண்டு போயிற்று. அந்த இடத்தில் கருங்கற்களைக் கொட்டினார்கள். கடலுக்குள் ஒரு தடுப்பு அமைத்த பிறகு கொஞ்ச தூரத்துக்கு மணல் திரும்பியிருக்கிறது. ஆகவே, ஜன்னலைத் திறந்ததும் குழந்தைகள் மணலில் ஓடலாம் என்று எண்ணி அதிக வாடகை கொடுப்பவர்கள் கற்குவியலைப் பார்த்துத் திகைக்கக்கூடும்.

வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாருங்கள். இங்கே வீடுகள் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. வாசலில் மரத்தூண்கள் தாங்கிய தாழ்வாரம், வழிப்போக்கனுக்கு நிழல் தருவதற்கென்றே அமைந்தது. அதற்கு உட்புறம் திண்ணை. அப்பால் தலைவாசல், முற்றம். மாடிக்குப் போனால் பிரெஞ்சு மோஸ்தரில் வளைவு ஜன்னல்களும் சுதைத் தூண்களும்! இரண்டு நாகரிகங்கள் ஒரே கூரையின் கீழ்ச் சண்டையில்லாமல் குடித்தனம் செய்வதைப் பார்க்க வேண்டுமானால், நாட்குறிப்பு எழுதிப் புகழ் பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையைப் பார்க்கலாம். அது 1738-ல் எழுந்தது. 1761-ல் ஆங்கிலேயர் பட்டணத்தைத் தரைமட்டமாக்கியபோதும் தப்பிப் பிழைத்தது.

நமக்கு முன்னால் இந்த ஊருக்கு ஜாகை தேடி வந்தவர்கள் எங்கே தங்கினார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். 1908-ல் வந்த பாரதியார் பத்து வருஷம் இங்கே வாசம் செய்தார். அவர் வாழ்ந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீடு இன்று நினைவில்லம். 1910-ல் ஸ்ரீ அரவிந்தர் வந்து இறங்கியபோது முதலில் இடம் கொடுத்தது கலவை சங்கர செட்டியார் வீட்டு மாடி. இரண்டும் வாய்க்காலுக்கு மேற்கேதான்.

இந்த வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. தகப்பனார் காலமாகிறார், ஐந்து பிள்ளைகள் பாகம் கேட்கிறார்கள், முற்றத்தைப் பங்கு போட முடியுமா? வீட்டை இடித்து மனையை விற்றுவிடுகிறார்கள், அல்லது அடுக்குக் கட்டடம் எழுப்புகிறார்கள். வைசியாள் தெருவில் மாத்திரம் வரிசையாகப் பல வீடுகளின் முகப்பைப் பழைய முறையில் புதுப்பித்தார்கள். 2008-ல் அதற்கு யுனெஸ்கோவின் பரிசும் கிடைத்தது. பழைய வீட்டில் இரண்டு அறைகளை விருந்தாளிகளுக்கு விட்டால் ஓட்டை மாற்றவும் சுண்ணாம்பு பூசவும் பணம் கிடைக்கும் என்று கண்ட சொந்தக்காரர்கள் இடிப்பதைத் தள்ளிப் போடுகிறார்கள். நாம் கொடுக்கும் வாடகைக்கு இவ்வளவு சக்தி உண்டு. எல்லா வீடும் விடுதியாகிவிட்டால் திண்ணையில் உட்காரப் பாட்டி எங்கே இருப்பாள் என்று கேட்பவர்களுக்கு நம்மிடம் முழுப் பதில் இல்லை. வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்கும் இடமாகப் பார்த்துத் தங்குங்கள் என்று மட்டுமே சொல்வோம்.

சில சௌகரியக் குறைவுகளையும் மறைக்கக் கூடாது. பழைய மாடிப்படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குக் கீழ் அறையே கேட்டு வாங்குங்கள். விடியற்காலையில் கோயில் மணியும் பெரிய மார்க்கெட்டுக்குப் போகும் வண்டிகளும் எழுப்பிவிடும். அமைதிதான் முக்கியம் என்பவர்களுக்கு ஆசிரமத்தாரின் விருந்தினர் இல்லங்கள் பொருத்தம், சுத்தமானவை. ஆனால் இரவில் குறித்த நேரத்துக்குள் திரும்பியாக வேண்டும். புகையும் மதுவும் ஆகா. சனி, ஞாயிறுகளில் சென்னையும் பெங்களூரும் சேர்ந்து இங்கே வந்துவிடுகின்றன, வாடகையும் உயர்ந்துவிடுகிறது. செவ்வாய், புதன் உத்தமம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை உண்டு.

கடல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வைசியாள் தெருவிலிருந்து கால்நடையாகக் கால் மணி நேரந்தான். ஐந்தரை மணிக்கு எழுந்து, ஒரு காப்பியைக் குடித்துவிட்டு, வாய்க்காலைக் கடந்து நேரே கிழக்கே நடந்தால் சூரியோதயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.