அக்கா சொன்னதை நான் எழுதவில்லை

தோழர்களே, களப்பணிக்கு வந்த புதிதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன்.

டீக்கடை வாசலில், பத்துப் பேர் பார்க்க, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டப்பட்டார் ஒரு அக்கா. அவருக்குப் புகார் எழுதிக் கொடுத்தது நான். சமூகவியல் படித்த பெருமையில், 'சாதிய மனோபாவத்துடன் இழிவுபடுத்தினார்' என்று எழுதினேன். என்ன சொல்லால் திட்டினார், எந்த இடத்தில், யார் யார் கேட்டார்கள் என்பதை எழுதவில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவுக்கு அவைதான் உயிர். சாதிப் பெயர் சொல்லித் திட்டியதும், அது பொதுப் பார்வையில் நடந்ததும் தெரிய வேண்டும். அந்தப் பிரிவு இல்லாமலே வழக்கு பதிவானது.

"தம்பி, நான் சொன்னத ஏன் நீ எழுதல?" என்றார் அக்கா. மன்னிப்புக் கேட்டேன். கூடுதல் வாக்குமூலம் கொடுத்துப் பிரிவைச் சேர்க்க ஐந்து மாதம் ஆனது. அதுவரை திட்டியவர் அதே தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

தவறை வெளியே சொன்னால் எதிரிக்கு வசதியாகிவிடும் என்று மறைக்கிறோம். ஆனால் நம் தவறுக்கு விலை கொடுப்பது நாமல்ல, பாதிக்கப்பட்டவர்கள். முதலில் அவர்களிடம் ஒப்புக்கொள்வோம். பிறகு அடுத்து வருகிற தோழர்களிடம் சொல்வோம்.

இப்போது அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. வாய்மொழிப் புகாரை எழுதி, வாசித்துக் காட்ட வேண்டும் என்று 1995 விதிகள் காவல் அதிகாரிக்கே கட்டளையிடுகின்றன. அவருக்கு இருக்கும் கடமை நமக்கு இல்லையா?