விரலை மடக்கியது நோயா, நாமா?



மலருக்குக் கட்டுரை கேட்டபோது ரோபோ, எலக்ட்ரிக் வண்டி, சோலார் என்று ஆளாளுக்கு ஒரு தலைப்பு கொடுத்தார்கள். நான் கொடுத்த தலைப்பு தொழுநோய். "ஏண்டா, உனக்கு வேற சப்ஜெக்டே கிடைக்கலையா?" என்றான் பக்கத்து பெஞ்ச் நண்பன். "அதெல்லாம் இப்ப எங்கடா இருக்கு? எப்பவோ ஒழிஞ்சு போச்சே" என்றான் இன்னொருவன். இந்த இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

என் ஊர் அடி அண்ணாமலை. பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த எல்லோரும் எங்கள் ஊரைக் கடந்துதான் போயிருப்பீர்கள். 14 கிலோமீட்டர் நடக்கிற களைப்பில் எங்கள் ஊரில் உட்கார்ந்து ஒரு டம்ளர் மோர் குடித்திருப்பீர்கள். பாதையோரம் துணி விரித்து உட்கார்ந்திருப்பவர்களில் விரல் மடங்கிப் போனவர்களையும், காலில் கட்டுப் போட்டவர்களையும் பார்த்திருப்பீர்கள். கை பட்டுவிடாமல் மேலேயிருந்து காசைப் போட்டிருப்பீர்கள். குற்றம் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

முதலில் 'ஒழிந்து போச்சு' என்பதைப் பார்ப்போம். 10,000 பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற நிலையை நம் நாடு 2005 டிசம்பரில் எட்டியது. அதைத்தான் ஒழிப்பு என்று அறிவித்தார்கள். பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் நம் காதில் அது 'இனிமேல் கிடையாது' என்று விழுந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ல் உலகம் முழுவதும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகள் 1,82,815 பேர். அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவில்தான் இருந்தார்கள்!

இத்தனைக்கும் இது மருந்தில்லாத நோய் அல்ல. 1873-ல் நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். பாவத்தால் வருவது இல்லை, பரம்பரையாக வருவதும் இல்லை, கிருமியால் வருவது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. நோயின் தன்மையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம் மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பைசா வாங்காமல் கொடுக்கிறார்கள். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அடுத்தவருக்குப் பரவுவதும் நின்றுவிடுகிறது. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயற்கையிலேயே இருக்கிறது.

அப்படியானால் விரல் ஏன் மடங்குகிறது? முழங்கை சுவரில் இடித்தால் 'ஜிவ்' என்று கரண்ட் அடித்த மாதிரி இருக்குமே, அங்கே ஓடுகிற நரம்பை இந்தக் கிருமி தாக்குகிறது. சுண்டு விரலும் மோதிர விரலும் முதலில் வளையும். தோலில் உணர்ச்சி போய்விடும். கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டால் சுடாது. முள் குத்தினால் தெரியாது. புண் ஆகும், வலிக்காததால் அதே காலோடு நடப்பார்கள், புண் எலும்பு வரை போகும். விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் வருகிற காயம்தான் விரலைத் தின்கிறது என்பதை எடுத்துக்காட்டியவர்களில் முக்கியமானவர் நம் பக்கத்து வேலூர் சி.எம்.சி.யில் வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்ட். மடங்கிய விரலை ஆபரேஷன் செய்து நிமிர்த்தலாம் என்று 1940-களின் கடைசியில் அங்கேதான் அவர் செய்து காட்டினார்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் இதில் எதுவுமே நடக்காது. ஏன் சீக்கிரம் கண்டுபிடிக்க முடியவில்லை? இங்கேதான் நாம் வருகிறோம். இதைச் சொல்ல என் வீட்டுக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் அத்தை பூ கட்டுபவர். மல்லி, கதம்பம், எது கொடுத்தாலும் கண் மூடித் திறப்பதற்குள் ஒரு முழம் கட்டிவிடுவார். எங்கள் குடும்பத்தில் யாரும் பள்ளிக்கூடம் தாண்டியதில்லை. அப்பாவும் அத்தையும் பள்ளிக்கூடமே போனதில்லை. நான் எட்டாம் வகுப்பு படித்த சமயம். ஒருநாள் அத்தையோடு நடந்து வரும்போது, சுவரில் எழுதியிருந்ததைச் சும்மா உரக்கப் படித்துக்கொண்டே வந்தேன். உணர்ச்சி இல்லாத தேமல் தொழுநோயாக இருக்கலாம், சுகாதார நிலையத்துக்கு வாருங்கள் என்று எழுதியிருந்தது. அத்தை நின்றுவிட்டார். "இன்னொரு தரம் படி கண்ணு" என்றார்.

படித்தேன். அன்று ராத்திரி ஜாக்கெட் கையை மேலே ஏற்றி என் அம்மாவிடம் காட்டினார். முன்கையில் ஒரு ரூபாய் காசு அளவுக்குத் தேமல்.

அந்தச் சுவர் வழியாக அத்தை எத்தனையோ தரம் போய் வந்திருப்பார். படிக்கத் தெரியாததால் மட்டுமா பேசாமல் இருந்தார்? இல்லை. தேமல் வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று பிறகுதான் சொன்னார். வீடு வீடாகத் தேமல் பார்க்க வருகிறவர்கள் வந்தபோது, "எனக்கு ஒண்ணுமில்ல" என்று கொல்லைப் பக்கம் போய்விட்டாராம். காரணம்? அத்தை மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அந்த வூட்டுல பெருவியாதியாம்" என்று ஒரு வாய் சொன்னால் போதும், பத்து வரன் திரும்பிப் போகும்.

12 மாதம் மாத்திரை சாப்பிட்டார். எங்கள் எல்லோருக்கும் முன்னெச்சரிக்கையாக ஒரு வேளை மாத்திரை கொடுத்தார்கள். அத்தைக்கு நோய் முழுசாகக் குணமாகிவிட்டது. ஆனால் மறைத்து வைத்த அந்த இரண்டு வருஷத்தில் வலது கையின் இரண்டு விரல்கள் மடங்கிவிட்டன. அது மாத்திரைக்கு நிமிரவில்லை.

யோசித்துப் பாருங்கள் நண்பர்களே. ஊனத்தைப் பார்த்துத்தான் ஊர் ஒதுக்குகிறது என்று நாம் நினைக்கிறோம். நான் கண்ணால் பார்த்தது வேறு. ஊர் ஒதுக்கும் என்று பயந்ததால்தான் ஊனமே வந்தது! அத்தையின் விரலைக் கிருமி பாதி மடக்கியது. மீதியை மடக்கியது நாம்தான்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? கேலியாகவும் திட்டாகவும் இந்த நோயின் பேரை நம் ஹாஸ்டலிலேயே எத்தனை தரம் கேட்கிறோம்! 1954-ல் வந்த 'ரத்தக்கண்ணீர்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.ஆர்.ராதாவின் நடிப்புக்கு ஈடு இணை கிடையாது. ஆனால் தறிகெட்டு வாழ்ந்தவனுக்குத் தண்டனையாக இந்த நோய் வருகிறது என்ற எண்ணமும் அந்த நடிப்போடு சேர்ந்து மனதில் இறங்கிவிட்டது என்பது என் தாழ்மையான கருத்து. சட்டமும் சளைத்ததில்லை. நோயாளிகளைப் பிடித்து அடைத்து வைக்க வெள்ளைக்காரன் 1898-ல் போட்ட சட்டம் 2016-ல்தான் ரத்தானது. இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கு ஒரு காரணமாக இந்த நோய் 2019 வரை இருந்தது. மாத்திரை வந்து 38 வருஷம் கழித்துத்தான் அந்த வரியை எடுத்தார்கள்!

'சரி, இதுல டிப்ளமோ படிக்கிற நமக்கு என்ன வேலை?' என்று கேட்பீர்கள். நமக்குத் தெரிந்த ஒரு பொருளையே சொல்கிறேன். உணர்ச்சி இல்லாத காலுக்கு எம்.சி.ஆர். என்ற மிருதுவான ரப்பரில் செருப்பு தருகிறார்கள். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று அப்ளைடு மெக்கானிக்ஸில் படித்தோமே, அதே தத்துவம்தான். எடை பாதம் முழுவதும் பரவினால் ஒரே இடத்தில் புண் வராது. அருமையான பொறியியல். ஆனால் பலர் அதைப் போட்டுக்கொண்டு வெளியே வருவதில்லை. ஏன்? அந்தச் செருப்பைப் பார்த்ததும் 'இது அந்த வியாதிக்காரர் செருப்பு' என்று ஊரே கண்டுபிடித்துவிடுகிறது. அதற்காகச் சாதாரணச் செருப்பு மாதிரியே தெரிகிற வடிவங்களும் பிறகு செய்தார்கள். இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. டிராயிங் ஷீட்டில் அளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது, அதைப் போட்டுக்கொண்டு ஒரு மனுஷன் தெருவில் நிமிர்ந்து நடக்க முடியுமா என்றும் பார்க்க வேண்டும்.

நம்மால் முடிந்தது இன்னும் உண்டு. நம் வீட்டில் முதல் முதலாகப் படிக்க வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். சுவரில் எழுதியிருப்பதை அம்மாவுக்கும் பாட்டிக்கும் உரக்கப் படித்துக் காட்டுவோம். சொரணை இல்லாத தேமலை யார் உடம்பில் பார்த்தாலும் 'வாங்க, நானும் கூட வர்றேன்' என்று கூட்டிப் போவோம். அடுத்த பௌர்ணமிக்குக் காசு போடும்போது குனிந்து கையில் கொடுப்போம். அந்த நோயின் பேரைத் திட்டுகிற வார்த்தையாகப் பயன்படுத்துவதை இன்றோடு விடுவோம். இதற்கெல்லாம் பணம் வேண்டாம், மார்க்கும் குறையாது.

அத்தை இன்றும் பூ கட்டுகிறார். வீட்டுக்குள் உட்கார்ந்து கட்டுகிறார். அம்மா கொண்டுபோய் விற்கிறார். அந்தக் கையைப் பார்த்தால் யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. என் முதல் செமஸ்டர் பீஸ் அந்தப் பூக் காசுதான். ஆபரேஷன் செய்தால் விரலை நிமிர்த்தலாம் என்று டாக்டர் சொல்லி ரொம்ப நாள் ஆகிறது. ஆஸ்பத்திரியில் தங்கினால் ஊர் கேட்குமே, என்ன சொல்வது என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று அத்தையிடமே கேட்டேன். "எழுது கண்ணு, என் பேரு மட்டும் போடாத" என்றார். "கட்டுரையில என் பேரு இருக்குமே அத்தே, ஊருல எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்றேன்.

ஒரு முழம் கட்டி முடிக்கும் வரை பேசவில்லை. பிறகு சொன்னார்: "தெரியட்டும். ஆபரேஷனுக்குப் போனா எப்படியும் தெரியத்தானே போவுது."

தோழர்களே, என் அத்தை துணிந்துவிட்டார். இனி நாம் எப்படிப் பார்க்கப் போகிறோம் என்பதுதான் கேள்வி. சிந்திப்போம்!