பாலத்துக்கு மண் சுமக்கிறது யாரு?

நல்லிணக்கம், ஆளுமை வளர்ச்சி, இளைஞர் மேம்பாடு, பண்பாட்டுப் பாலம். மாவட்டத்துக்கு மாவட்டம் இப்படிப் பதாகை கட்டி முகாம் நடக்குது. தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன, கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டம் நடத்துகிறது, கலவரம் முடிந்த ஊர்களில் காவல்துறையும் நடத்துகிறது. எல்லாவற்றிலும் மாறாத விசயம் ஒண்ணு உண்டு. முதலில் கூப்பிடப்படுவது சேரிப் பிள்ளைகள். திருத்தப்பட வேண்டியவர்களாக உட்கார வைக்கப்படுவதும் அவர்களே. குழியை வெட்டினவன் எவனோ, பாலத்துக்கு மண் சுமக்கிறது மட்டும் நாமளா?

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனை, அதே பள்ளியில் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள் இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பள்ளியில் தன்னைப் படுத்திய பாட்டை வாய்திறந்து சொன்னதுதான் அவன் செய்த குற்றம். அந்தப் பையன் பிழைத்து வந்து, தேர்வெழுதி, 2024இல் 600க்கு 469 மதிப்பெண் வாங்கினான். இப்பச் சொல்லுங்க தோழர்களே, ஆளுமை வளர்ச்சி எந்தத் தெருவுக்குத் தேவைப்படுது?

அதற்குப் பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்து, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி வால் கூடாது, ஒரு வட்டாரத்தில் எந்தச் சாதி ஆதிக்கமோ அந்தச் சாதிக்காரரை அங்கே தலைமை ஆசிரியராக, கல்வி அதிகாரியாக வைக்கக் கூடாது. எல்லாம் எளிய விசயங்கள். அதுக்கே எத்தனை கூச்சல்! அறிக்கையில் எனக்கும் சில மாறுபாடு உண்டு. ஆனால் நோய் எந்த உடம்பில் இருக்கோ அந்த உடம்பில் கைவைத்துப் பார்த்தது அது. நம்ம முகாம்காரர்கள் நோயாளியை விட்டுவிட்டு, அடிபட்டவனுக்குப் பத்தியம் சொல்றாங்க.

எங்கள் பக்கத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய மூன்று நாள் முகாமுக்கு நானும் போயிருந்தேன். பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே அச்சுதான். இடம் ஊருக்குள்ளே கல்யாண மண்டபம். காலனிப் பிள்ளைகள் ஒன்றரை மைல் நடந்து வந்தாங்க. மேலத்தெருப் பையன்கள் பாதிப்பேர் முதல்நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே கழன்டுட்டான். ஏன்னு யாரும் கேட்கலை. கேட்டா சமையல் பண்ணினது யாருங்கிற கதை வெளியே வரும். ‘நாமெல்லாம் மனிதர்கள்’ என்று மூன்று நாளும் பயிற்சியாளர் எங்களிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அது எங்களுக்குத் தெரியாதா சாமி?

கடைசிநாள் கலைநிகழ்ச்சி. எங்க பயலுகளைப் பறையடிக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் கைதட்ட வேண்டும், அதுதான் ‘பண்பாட்டுப் பரிமாற்றம்’. கல்லூரியில் படிக்கிற பிள்ளை ஒருத்தி எழுந்து கேட்டாள்: “எங்க அப்பா அவங்க வீட்டு எழவுக்கு அடிக்க மாட்டேன்னு சொல்லி நாலு வருசமாச்சு. அதுக்காக வேலைக்குக் கூப்பிடாம ஒதுக்கி வச்சிருக்காங்க. இப்ப நீங்க மைக் கொடுத்து அடிக்கச் சொல்றீங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் சார்?” மண்டபம் மூச்சுவிடலை. பயிற்சியாளர் தேநீர் இடைவேளை விட்டுவிட்டார்.

பறையைப் பற்றி நமக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. இழிவு அது, தூக்கி எறி என்கிறவர்கள் இருக்கிறார்கள். அதுவே நம் போர்க்கருவி என்று 90களின் தலித் கலைவிழாக்களில் மேடையேற்றியவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் நியாயம் இருக்கு. நான் இரண்டாம் பக்கம். ஆனால் எப்ப அடிக்கிறது, எங்கே அடிக்கிறது, யாருக்காக அடிக்கிறது என்பதை அடிக்கிறவன் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு அவன் கையில் இல்லையென்றால் மேடையில் அடித்தாலும் அது ஊழியம்தான், கூலி மட்டும் மாறியிருக்கு.

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முறை மேடையேறியபோது நடந்தது வேறு. சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானாவை வைத்துக்கொண்டு இடஒதுக்கீட்டைப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பாடினார்கள். யாருக்கும் விளக்கம் சொல்லலை, யாரையும் சமாதானம் பண்ணலை. வேணும்கிறவன் வந்து கேட்டுக்கோன்னு நின்றார்கள். கேட்கவும் வந்தார்கள். அதற்கு மூன்று வருசம் முன்னால் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் டி.எம். கிருஷ்ணா போன்றோர் கர்நாடக இசையை மீனவர் குப்பத்துக்குக் கொண்டுவந்த விழாவை நான் கேலி பேச மாட்டேன். மேலே இருக்கிறவன் இறங்கி வந்தது அது. ஆனால் குப்பத்துக்குச் சபா போனதைப் பற்றி எழுதிய அளவு, சேரி தனக்கென்று மேடை போட்டதைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதினவா?

சமத்துவபுரம் பற்றியும் ஒரு வார்த்தை. 1998இல் மதுரை மேலக்கோட்டையில் தொடங்கியது. நூறு வீட்டில் 40 தலித்துகளுக்கு, மீதி மற்ற சாதிகளுக்கு. நல்ல கனவு. ஆனால் ஊருக்கு வெளியே புதுசா ஒரு ஊர் கட்டினோமே தவிர, பழைய ஊர் அப்படியே இருக்கு. அந்த ஊருக்குள்ளே கைவைக்க எந்தக் கட்சிக்கும் தைரியமில்லை.

மேம்பாடு பற்றிப் பேசுறவங்க ஆதிதிராவிடர் நல விடுதிக்குப் போய்ப் பாருங்க. 2023இல் பள்ளி மாணவருக்கான உணவுப்படியை மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆக உயர்த்தினார்கள். நாளைக்கு 47 ரூபாய்கூட வராது, அதுக்குள்ளே மூணு வேளை. வளர்ற பிள்ளைக்கு! அதைப் பேசாமல் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கிறது ஏமாத்து.

அடுத்த முகாமுக்கு எங்க பசங்களுக்கு அழைப்பு வந்திருக்கு. கூடி உட்கார்ந்து பதில் எழுதினார்கள். எழுத்துப்பிழை திருத்தியது மட்டும்தான் நான். முகாம் காலனியில் நடக்கணும். சமையல் எங்க அம்மாக்கள். மேலத்தெருப் பையன்களோடு அவங்க அப்பன்களும் வரணும். ஒதுக்கிவைத்தவர்களை வேலைக்குக் கூப்பிடாத விசயம் முதல்நாளே பேச்சில் வரணும். பறை உண்டு, கடைசியில் இல்லை, முதலில். அடிக்கச் சொல்லித்தர நாங்க தயார், குச்சியை வாங்க அவங்க கை நீட்டணும்.