பவளக்குறிஞ்சியும் அரிவாளும்

பூச்செடி என்றதும் நம் வீடுகளில் மல்லிகையும் செம்பருத்தியும் நந்தியாவட்டையும்தான் முதலில் நினைவுக்கு வரும். தலையில் சூடவும் உதவாத, மாலை கட்டவும் உதவாத ஒரு பூவுக்கு முற்றத்தில் இடம் கொடுக்க நம் பாட்டிமார் எளிதில் இசைவதில்லை. கிரேப் மர்ட்டில் அப்படிப்பட்ட ஒரு செடி. பறித்தால் இதழ் உதிர்ந்துவிடும். சொல்லிக்கொள்ளும்படி வாசமும் கிடையாது. ஆயினும் அதற்காகப் பரிந்து பேசவே இக்கட்டுரையை எழுதுகிறோம். ஏனெனில் அதற்கு நாங்கள் ஒரு தீங்கு செய்திருக்கிறோம்.

தமிழில் இதற்குப் பவளக்குறிஞ்சி என்றொரு அழகிய பெயர் உண்டு. மலையில் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சிக்கும் இதற்கும் உறவு ஏதுமில்லை. இதன் உறவினர் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். நாம் கையில் இட்டுக்கொள்ளும் மருதாணியும், கொல்லையில் காய்க்கும் மாதுளையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. மகாராட்டிர மாநிலத்தின் மலரான பூமருது இதற்கு அக்காள் முறை. 1759-இல் லின்னேயஸ் என்ற அறிஞர், கீழைநாட்டுச் செடிகளைத் தமக்குச் சேகரித்துத் தந்த லாகர்ஸ்ட்ரோம் என்ற சுவீடன் நாட்டு நண்பரின் பெயரை இந்தக் குலத்துக்குச் சூட்டினார். சீனர்கள் இதை "நூறுநாள் சிவப்பு" என்பார்கள். பட்டை உரிந்து வழுவழுப்பாகிவிடும் தண்டைப் பார்த்து ஜப்பானியர் "குரங்கு வழுக்கும் மரம்" என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலேயருக்கோ, சுருக்கம் சுருக்கமான இதழ் கிரேப் துணியை நினைவூட்டிற்று. அம்மாவின் கிரேப் சேலையை ஒருமுறை தொட்டுப் பார்த்தவர்கள் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

இனி எங்கள் குற்றத்துக்கு வருவோம். பள்ளிக் கலையரங்கின் படிக்கட்டருகே ஒரு பவளக்குறிஞ்சி நிற்கிறதல்லவா? நாங்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோதே அது எங்களைவிட உயரமாக இருந்தது. எட்டாம் வகுப்பில் தோட்டக் குழுவில் சேர்ந்தோம். ஆண்டு விழா நெருங்கியது. செடி இலையெல்லாம் உதிர்த்து, குச்சி குச்சியாக நின்றது. "பார்ப்பதற்கு நன்றாக இல்லை அண்ணே, இடுப்பளவுக்கு வெட்டிவிடுங்கள்" என்று தோட்டக்கார அண்ணனிடம் கேட்டவர்கள் நாங்களே. அவர் தயங்கினார். நாங்கள் விடவில்லை. அரிவாள் விழுந்தது. கிளைகளை இழுத்துப் போய்க் குப்பைக்குழியில் போட்டுவிட்டுக் கைதட்டவும் செய்தோம்!

கோடையில் ஒவ்வொரு வெட்டுவாயிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு தளிர்கள் பீறிட்டு வந்தன. பெரிய பெரிய பூங்கொத்துகளும் வந்தன. நாங்கள் வெற்றி பெற்றதாகவே எண்ணினோம். ஆனால் பிரம்பு போன்ற அந்த மெல்லிய தளிர்களால் கொத்தின் கனத்தைத் தாங்க முடியவில்லை. முதல் மழையிலேயே வளைந்து பூவெல்லாம் சேற்றில் புரண்டது. மறு ஆண்டும் அதே இடத்தில் வெட்டினோம். அதற்கடுத்த ஆண்டும் வெட்டினோம். இப்போது அந்த இடங்களில் மூட்டுவலிக்காரரின் முழங்கால்போல முண்டு முண்டாக வீங்கியிருக்கிறது. வழுவழுப்பான தண்டின் அழகு எங்கே போயிற்று?

இத்தவறு ஏன் நேர்கிறது என்று யோசித்தோம். இந்தச் செடி அந்தந்த ஆண்டில் விடும் புதுத்தளிரின் நுனியில்தான் பூக்கும். ஆகவே நிறைய வெட்டினால் நிறையப் பூக்கும் என்று எவரோ சொல்ல, அது பரவிவிட்டது. பாதி உண்மை எப்போதும் இப்படித்தான் ஏமாற்றும். வெட்டாமல் விட்டாலும் புதுத்தளிர் வரத்தான் செய்யும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இச்செடி தெருவெங்கும் உண்டு. டெக்சாஸ் மாநிலம் 1997-இல் இதைத் தன் மாநிலப் புதர்ச்செடியாகவே அறிவித்தது. அங்கும் ஆண்டுதோறும் மொட்டையடிக்கும் வழக்கம் இருக்கிறது. விவரமறிந்தவர்கள் அதைக் கிரேப் மர்ட்டில் என்று சொல்லாமல் "கிரேப் மர்டர்" என்று கேலி செய்கிறார்கள். கேலிதான், ஆனால் எங்களுக்குச் சுருக்கென்றது.

உயரம் பிடிக்கவில்லையென்றால் அதற்கு வழி அரிவாளல்ல, செடியைத் தேர்ந்தெடுப்பதே. மூன்றடிக்கு மேல் போகாத குட்டை ரகங்கள் உண்டு. 1978-இல் அமெரிக்க தேசிய மரப்பூங்கா வெளியிட்ட வெள்ளைப் பூப் பூக்கும் நாட்செஸ் ரகமோ இருபது அடியையும் தாண்டும். ஜப்பானிய இனம் ஒன்றோடு ஒட்டுறவு செய்து உண்டாக்கிய ரகமாதலால் சாம்பல் நோயும் அதை எளிதில் அண்டாது. சன்னலுக்குக் கீழே நாட்செஸ் வைத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொண்டிருந்தால் பிழை செடியினுடையதா?

வெயில் முழுதாக விழும் இடம், தண்ணீர் தேங்காத மண், நட்ட முதலாண்டில் தவறாத தண்ணீர். இதற்குமேல் இது அதிகம் கேட்பதில்லை. நிழலில் வைத்தால் பூ குறையும், இலையில் மாவு பூசினாற்போல் சாம்பல் நோய் வரும். அன்பு மிகுதியால் யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். இலைதான் கொழிக்கும். அடியில் மக்கிய எரு போதும். எறும்பு சாரிசாரியாக ஏறினால் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அசுவினிப் பூச்சி இருக்கும். அது கழிக்கும் இனிப்புநீரில்தான் கரும்பூசணம் படர்கிறது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் போய்விடும். வாடிய கொத்தைக் காய் பிடிக்குமுன் கிள்ளிவிட்டால் மறுபடியும் பூக்கும். இதைச் சிறு தங்கைகளும் செய்யலாம்.

கத்தரியே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. புதுத்தளிர் வருமுன், காய்ந்த குச்சியையும், ஒன்றோடொன்று உராயும் கிளையையும், அடியில் கிளம்பும் கன்றையும் நீக்கத்தான் வேண்டும். பென்சிலைவிடப் பருத்த கிளையைத் தொடுமுன் மட்டும் ஒருமுறை யோசியுங்கள். தொட்டியில் வளர்ப்பவர்கள் சற்று அதிகமாகக் கத்தரிக்க நேரும். அதை நாங்கள் குறை கூறமாட்டோம்.

படிக்கட்டருகே நிற்கும் எங்கள் செடியை என்ன செய்வது? ஒவ்வொரு முண்டிலும் வலுவான இரண்டு தளிர்களை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கியிருக்கிறோம். மூன்று நான்கு ஆண்டுகளில் அவை பருத்துக் கிளையாகும். அப்போது நாங்கள் இங்கே இருக்கமாட்டோம். இவ்வாண்டு விழாவுக்கு அதை வெட்டாமல், முன்வரிசை நாற்காலிகளை இரண்டடி தள்ளிப் போடும்படி தலைமையாசிரியை சிஸ்டரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். "பார்ப்போம்" என்றிருக்கிறார்கள்.