கோலத்தில் புரண்ட மாங்காய்

கலைவிழா மேடைகளில் கோலத்தைப் பற்றிப் பேசுபவர்கள், நம் முன்னோர் அன்றே கணிதம் அறிந்தவர்கள் என்று சொல்லாமல் இறங்குவதில்லை. நாமும் கைதட்டிவிடுகிறோம். அந்தக் கணிதம் என்ன என்று கேட்டால் நம்மில் எத்தனை பேரால் விளக்க முடியும்?

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. ஒரு தீபாவளி விருந்துக்காக மண்டபத்தில் வண்ண அரிசிக் கோலம் போட்டோம். நடுவில் வட்டம், அதைச் சுற்றி எட்டு மாங்காய்கள். ஒரே ஒரு மாங்காயை அட்டையில் வெட்டி, 45 பாகைக்கு ஒன்றாக வைத்துச் சுண்ணக்கட்டியால் வரைந்தோம். அரிசி தூவி முடிந்த பிறகுதான் ஏதோ கண்ணை உறுத்தியது. ஏழு மாங்காய்களின் நுனி வலப்பக்கம் வளைந்திருக்க, ஒன்று மட்டும் இடப்பக்கம் வளைந்திருந்தது. அட்டையைப் புரட்டி வைத்தவன் நான்தான்!

அந்த அரிசியைக் கூட்டி அள்ளியபோதுதான், பள்ளியில் மனப்பாடம் செய்திருந்த சுழல் சமச்சீர் எனக்குப் புரிந்தது. ஓர் உருவத்தை அதன் மையத்தில் ஊன்றிச் சுழற்றுகிறோம். முழுச் சுற்று முடியும் முன்பே அது பழைய தோற்றத்தோடு பொருந்தினால் அதற்குச் சுழல் சமச்சீர் உண்டு. எட்டு மாங்காய்களும் ஒரே பக்கம் வளைந்திருந்தால், எங்கள் கோலம் ஒரு சுற்றில் எட்டு முறை பொருந்தியிருக்கும். ஒன்று புரண்டதால், முழுச் சுற்று வந்தால்தான் பொருந்தும் என்றாகிவிட்டது. ஒன்றுவிட்டு ஒன்றைப் புரட்டியிருந்தால்? நான்கு முறை பொருந்தும். நடுவே மடித்தாலும் பொருந்தும்.

ஆக, சுழற்றுவது வேறு, புரட்டுவது வேறு. செவ்வகமோ சாய்சதுரமோ அல்லாத இணைகரம் அரைச் சுற்றில் பொருந்தும், மடித்தால் பொருந்தாது. இரண்டு பக்கங்கள் மட்டும் சமமான முக்கோணம் மடித்தால் பொருந்தும், சுழற்றினால் பொருந்தாது. தேர்வில் இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் நம்மில் பலர்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி 1970களில் கோலங்களைக் கணித நோக்கில் ஆராய்ந்தார். பெருமை பேசுவதோடு நின்றுவிடாமல், ஒரு கோலம் எந்த விதிகளால் உருவாகிறது என்று தேடினார். நமக்கும் அந்தத் தேடல் வேண்டும் என்பதே என் கருத்து.

அடுத்த கோலப் போட்டியில் வண்ணத்துக்கு மட்டும் புள்ளி கொடுக்காமல், "உங்கள் கோலம் ஒரு சுற்றில் எத்தனை முறை பொருந்தும்?" என்று தமிழிலேயே கேட்போம். நாம் பாடம் சொல்லித் தரும் தமிழ்ப்பள்ளி மாணவர்களின் கையில் ஓர் அட்டை மாங்காயைக் கொடுப்போம். அவர்கள் அதைப் புரட்டி வைத்தாலும் தடுக்க வேண்டாம். நான் கற்றது அப்படித்தான்.