ஈசியூ போச்சு சார்!

"ஈசியூ போச்சு சார்."

கார் வைத்திருக்கும் ஒரு மனிதரை ஒரே நொடியில் வாயடைக்க வைக்க இந்த மூன்று சொற்கள் போதும். கிளட்ச் போச்சு என்று சொல்லிப் பாருங்கள், "போன வருஷம்தானே மாத்தினது?" என்று சண்டைக்கு வருவார். பேட்டரி போச்சு என்றால் வாரண்டி கார்டைத் தேடுவார். ஈசியூ என்றால் மட்டும் சத்தமே இருக்காது. அது எந்தப் பெட்டி, எங்கே இருக்கிறது, போனது எப்படித் தெரிந்தது... ஒன்றும் கேட்க மாட்டார். "எவ்ளோ ஆகும்?" அவ்வளவுதான். பதில் பெரும்பாலும் ஐந்து இலக்கத்தில் வரும்.

சரி, கேட்டால் மட்டும் பதில் வந்துவிடுமா? வராது. அந்தக் காரின் வயரிங் படம் காசு கொடுத்து வாங்கியவரிடம் இல்லை. பாகாயம் ரோட்டோரம் ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக்கிடமும் இல்லை. அது கம்பெனியிடமும் அதன் டீலரிடமும் பத்திரமாக இருக்கிறது. பொருளை விற்றுக் காசை எண்ணி வாங்கிய பிறகும் அதன் வரைபடத்தைப் பூட்டி வைப்பதற்குப் பெயர் வழிப்பறி. வார்த்தை கொஞ்சம் காரம்தான். காரம் தேவையா இல்லையா என்று கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

முதலில் அந்தப் பெட்டி. ஈசியூ என்பது எஞ்சினை ஆளும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். எவ்வளவு காற்று உள்ளே வருகிறது, எஞ்சின் எவ்வளவு சூடு, கிராங்க் ஷாஃப்ட் எந்த இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று சென்சார்களிடம் கேட்டு, எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும், எப்போது பொறி தட்ட வேண்டும் என்று முடிவு செய்கிறது. ஆனால் அதற்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. வயரில் வரும் வோல்ட் ஒன்றுதான் அதற்குத் தெரிந்த உலகம். பல சென்சார்களுக்கு அதுவே 5 வோல்ட் கொடுத்து, திரும்பி வரும் வோல்ட்டைப் படிக்கிறது. நடுவில் ஒரு வயர் எலி கடித்து அறுந்திருந்தால், ஒரு எர்த் போல்ட் துருப்பிடித்திருந்தால், ஈசியூவுக்கு வருவது பொய்ச் செய்தி. பொய்யை நம்பி அது தப்பாக நடக்கும். பழி பெட்டியின் மேல் விழும்!

அடுத்தது ஸ்கேனர் மாட்டும் சாக்கெட். ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால் 16 பின் கொண்ட ஒரு பிளக் தெரியும். இதன் பிறப்பே புகைக் கட்டுப்பாட்டுக்காகத்தான். கலிபோர்னியாவின் காற்று மாசுச் சட்டங்களில் தொடங்கி, 1996 மாடல் முதல் அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி சாக்கெட் கட்டாயம் ஆனது. இந்தியாவில் பிஎஸ்-4 விதிகளோடு 2010 ஏப்ரலில் ஓபிடி முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. அதில் சில பின்களின் வேலை எந்தக் கம்பெனி காரிலும் ஒன்றுதான். 16-வது பின்னில் பேட்டரியின் 12 வோல்ட். 4-லும் 5-லும் எர்த். 6-லும் 14-லும் கேன் என்கிற தகவல் வயர் ஜோடி. பழைய கார்களில் 7-வது பின்னில் கே-லைன்.

இவ்வளவு தெரிந்தாலே ஒரு மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு எவ்வளவோ செய்யலாம். ஸ்கேனர் உயிர் பெறவில்லையா? 16-ல் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். பல கார்களில் அது சிகரெட் லைட்டர் ஃபியூஸோடு சேர்ந்திருக்கும். போன் சார்ஜர் போட்டு ஃபியூஸை எரித்துவிட்டு, "ஈசியூ கனெக்ட் ஆகல" என்று வண்டியை லாரியில் ஏற்றி அனுப்புகிற கூத்தும் நடக்கிறது. ஸ்கேனர் எரிகிறது, ஆனால் பேச மறுக்கிறதா? பேட்டரியைக் கழற்றிவிட்டு 6-க்கும் 14-க்கும் நடுவே ஓம் அளக்கலாம். இரு முனையிலும் 120 ஓம் தடை இருப்பதால் சேர்ந்து 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. (நடுவில் கேட்வே வைத்த புதிய கார்களில் இந்தக் கணக்கு மாறும். எந்தக் காரில் கேட்வே, எதில் இல்லை? அதற்கும் படம் வேண்டும்!)

இப்போது கோடு. பி0113 என்று ஸ்கேனர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஏர் டெம்பரேச்சர் சென்சார் போச்சு" என்று உடனே தீர்ப்பு வந்துவிடும். அந்தக் கோடு அப்படிச் சொல்லவே இல்லை. உள்ளே வரும் காற்றின் வெப்பத்தைச் சொல்லும் சர்க்யூட்டில் வோல்ட் அதிகம் என்று மட்டும்தான் சொல்கிறது. சென்சார் செத்தாலும் அதே கோடு. வயர் அறுந்தாலும் அதே கோடு. பிளக் கழன்று தொங்கினாலும் அதே கோடு. ஸ்கேனர் தெருவின் பெயரைச் சொல்கிறது. வீட்டு நம்பரைக் கண்டுபிடிப்பது மனிதன் வேலை.

எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த இரண்டு வயர் சென்சாரின் பிளக்கைக் கழற்றினால், ஸ்கேனரில் பெரும்பாலும் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். (வேலூர் வெயிலில் மைனஸ் 40! அதுவே பெரிய ஆறுதல்.) பிளக்கின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால், நூறைத் தாண்டி மேலே குதிக்க வேண்டும். குதித்தால் வயரும் ஈசியூவும் நலம், சென்சார்தான் குற்றவாளி. மைனஸ் 40-லேயே நின்றால் புது சென்சார் வாங்குவது தண்டச் செலவு, வயரைத் தேட வேண்டும். சோதனைக்கு ஆகும் செலவு ஒரு துண்டு வயர். ஆனால் இதையே மூன்று வயர் சென்சாரில் எந்த முனை எது என்று தெரியாமல் செய்தால் 5 வோல்ட் லைன் எர்த் ஆகிவிடும். அந்த லைனைப் பகிரும் மற்ற சென்சார்களும் சேர்ந்து படுத்துவிடும், ஸ்கேனரில் கோடு வரிசை கட்டும். உடனே என்ன சொல்வார்கள்? "ஈசியூ போச்சு சார்."

எந்த வயர் சிக்னல், எது எர்த், எது 5 வோல்ட், ஈசியூவில் எத்தனையாவது பின்னில் போய்ச் சேருகிறது, என்ன நிறம். இந்த ஒரு பக்கத் தகவல் இருந்தால் தெரு மெக்கானிக் அரை மணி நேரத்தில் வேலையை முடிப்பார். இல்லாவிட்டால் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பார், அதுவும் வண்டிக்காரர் காசில். காட்பாடி ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடும் டாக்ஸி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வருமானம் போச்சு. ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் நின்றால், ஏறவேண்டியவர்களின் அன்றைய வேலையும் சேர்ந்து நிற்கும். வாரண்டி முடிந்த, கைமாறி வந்த வண்டிகளை ஓட்டுகிறவர்கள் தெரு மெக்கானிக்கை நம்பித்தான் பிழைப்பு நடத்துகிறார்கள்.

கம்பெனிகள் ஏன் தருவதில்லை? காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது புதுப் பாடம் இல்லை. பிரிண்டரை மலிவாகக் கொடு, மையில் சம்பாதி. கார் வாங்கும் வரை பத்து கம்பெனிகள் போட்டி போடும். வாங்கிய மறுநாள் முதல் அந்த ஒரு கம்பெனிதான் உங்களுக்குச் சந்தை. ஸ்பேர் விலை பிடிக்கவில்லை என்று யாரும் காரையே தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க முடியாது.

இதைச் சொன்னது யாரோ கோபக்காரர் இல்லை, இந்தியப் போட்டி ஆணையம். 2011 ஜனவரியில் வந்த ஒரு தனி மனிதரின் புகார் ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன், ஃபியட் ஆகிய மூன்று கம்பெனிகள் மேல் தொடங்கி, விசாரணையில் விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டது. டாடா மோட்டார்ஸுக்கு 1,346 கோடி, மாருதிக்கு 471 கோடி, மகிந்திராவுக்கு 292 கோடி. ஸ்பேர் பாகங்களையும், டயக்னாஸ்டிக் கருவிகளையும், பழுதுபார்க்கும் கையேடுகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பதுதான் குற்றம். தன் பிராண்டின் பாகங்களிலும் கருவிகளிலும் ஒவ்வொரு கம்பெனியும் ஆதிக்கம் செலுத்துகிறது, வாங்கியவர் மாட்டிக்கொண்டார் என்று ஆணையம் எழுதியது. வெளியே வேலை பார்த்தாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லக் கூடாது, வெளியே நடந்த தப்பான வேலையால் சேதம் வந்தால் அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் உத்தரவிட்டது.

பிறகு? கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிஸான் வழக்குகளில் தவறு தவறுதான் என்று சொல்லி, அபராதக் கணக்கை மட்டும் குறைத்தது. 2022-ல் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு போட்டது. அந்த டிசம்பரிலேயே ஒரு இணையதளமும் திறந்தது. தனிச் சட்டம் மட்டும் வரவில்லை. தீர்ப்பு வேறு, அது தெருவுக்கு வந்து சேர்வது வேறு என்று பாலாற்றங்கரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில், மாசு செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொன்னது. அதற்குப் பிறகும் ஆற்றுக்காக எத்தனை வருஷம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்பது ஊருக்கே தெரியும்.

கம்பெனிகள் தரப்பில் மூன்று பதில்கள் உண்டு. ஒன்று, அது எங்கள் அறிவுச் சொத்து. ஈசியூவுக்குள் ஓடும் புரோகிராம் உங்கள் சொத்தாகவே இருக்கட்டும் ஐயா, யார் கேட்டார்கள்? சென்சாரின் பச்சை வயர் எந்தப் பின்னுக்குப் போகிறது என்பதில் என்ன கண்டுபிடிப்பு இருக்கிறது? இரண்டு, திருட்டு பயம். சாவி கோடிங்கும் இம்மொபிலைசரும் பூட்டில் இருக்க வேண்டியவைதான். ஆர்சி புத்தகத்தைச் சரிபார்த்து, ஆளைப் பதிவு செய்து கொடுக்கட்டும். படிப்பதற்கும் மாற்றி எழுதுவதற்கும் வித்தியாசம் உண்டு. மூன்று, பாதுகாப்பு: தெரியாதவர் கை வைத்தால் ஆபத்து. உண்மைதான், ஏர்பேக் வயரில் மல்டிமீட்டரை வைப்பது ஆபத்து. அதைத் தவிர்க்கவும் எது ஏர்பேக் வயர் என்று தெரிய வேண்டுமே! ஐரோப்பிய யூனியன் 2007-லேயே பழுதுபார்க்கும் தகவலை வெளி மெக்கானிக்குகளுக்கு நியாயமான கட்டணத்தில் கொடுக்க விதி போட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-ல் சட்டமே போட்டது. அந்த விதிகளால் அங்கே கார் கம்பெனி எதுவும் திவால் ஆகிவிடவில்லை.

சிஎம்சியின் மருத்துவக் கல்லூரி இருக்கிற பாகாயத்தில் இதைப் புரிந்துகொள்வது சுலபம். காட்பாடி - பாகாயம் டவுன் பஸ்ஸில் ஏறினால் வங்காளத்தில் இருந்தும் வடகிழக்கில் இருந்தும் வந்தவர்கள் மடியில் ஒரு பெரிய கவர் இருக்கும். உள்ளே எக்ஸ்ரே, ஸ்கேன், ரிப்போர்ட். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நோயாளிக்கு ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று 2002-ன் மருத்துவக் கவுன்சில் நெறிமுறை சொல்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு அவர் வேறு டாக்டரிடம் போகலாம். "ரிப்போர்ட் எங்களுடையது, இங்கேதான் ஆபரேஷன்" என்று ஒரு ஆஸ்பத்திரி சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? காருக்கு மட்டும் ஏன் சும்மா இருக்கிறது?

கம்பெனிகளை மட்டும் திட்டினால் பாதி நியாயம்தான். தேடாமல் கோடை அழித்து விளக்கை அணைத்துவிட்டு "ரெடி சார்" என்கிற மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் தேடி ஒரு எர்த் போல்ட்டைச் சுரண்டிச் சரிசெய்தவரிடம், "ஒரு போல்ட்டுக்கு ஆயிரம் ரூபாயா அண்ணே?" என்று பேரம் பேசும் கஸ்டமர்களும் இருக்கிறார்கள். அதே கஸ்டமர் புதுப் பெட்டிக்கு ஐந்து இலக்கம் கொடுத்து, பில்லை வாங்கி மடித்து வைத்துக்கொள்வார். பாகத்துக்குக் காசு, மூளைக்குக் காசில்லை என்று இருக்கும் வரை பாகம் விற்கிறவன்தான் ஜெயிப்பான்.

கேட்க வேண்டியது அதிகமில்லை. காரோடு வயரிங் படமும் பின் அட்டவணையும். எந்த ஒர்க்‌ஷாப்பும் வாங்கக்கூடிய விலையில் டயக்னாஸ்டிக் மென்பொருள். வாரண்டி மிரட்டலுக்கு முற்றுப்புள்ளி. மூன்றையும் சட்டமாகவே கேட்க வேண்டும், ஆணைய உத்தரவுக்கு ஆன கதி தெரிந்த பிறகு வேறு வழியில்லை.

சட்டம் வருகிற வரை ஒரு காரியம் செய்யலாம் மக்களே. அடுத்த முறை யாராவது "ஈசியூ போச்சு" என்றால் நாலு கேள்வி கேளுங்கள். என்ன கோடு வந்தது? ஈசியூவுக்கு 12 வோல்ட்டும் எர்த்தும் சரியாக வருகிறதா என்று அளந்தீர்களா? 5 வோல்ட் லைன் பார்த்தீர்களா? கழற்றிய பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுப்பீர்களா? நாலுக்கும் பதில் வந்தால் காசு கொடுங்கள். வராவிட்டால் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, மல்டிமீட்டர் வைத்திருக்கும் கடைக்கு வண்டியைக் கட்டி இழுத்தாவது கொண்டு போங்கள்.