மூடி தொலைந்த சொப்பு



அமெரிக்காவில் மேரிலாந்தில் இருக்கும் என் மாணவன் ஒருவன் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான். மரத்தில் செதுக்கிய வாத்து. "டீச்சர், இதைத் தண்ணீரில் மிதக்க விட்டால், நிஜ வாத்துகள் தங்கள் கூட்டம் என்று நம்பி இறங்குமாம். வேட்டைக்காரன் சுட்டுவிடுவானாம். இதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்று கேட்டான்.

பெயர் இருக்கிறது, கண்ணா. 'பார்வை'. வேடன் மற்ற மான்களைப் பிடிப்பதற்காகப் பழக்கி வைத்திருக்கும் மானைப் புறநானூறு அப்படித்தான் சொல்கிறது. நம்முடையது உயிருள்ள பார்வை, அவர்களுடையது மரப் பார்வை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஊரில் கிறிஸ்ஃபீல்ட் என்ற இடத்தில் லெம் வார்டு, ஸ்டீவ் வார்டு என்று அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். தொழில் முடிதிருத்துவது. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் வாத்து செதுக்கினார்கள். பிறகு பிளாஸ்டிக் வாத்து வந்தது. மர வாத்து அலமாரிக்குப் போனது. அவர்கள் பெயரில் அருங்காட்சியகமே வந்தது. 2007-இல் எல்மர் க்ரோவெல் என்பவர் செதுக்கிய இரண்டு பறவைகள், ஒவ்வொன்றும் பத்து லட்சம் டாலருக்கு மேல் விலை போயின.

"நம்ம கைத்தொழிலையும் இப்படி மியூசியத்தில் வைத்துக் காப்பாற்றணும் டீச்சர்" என்று முடித்திருந்தான். இங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

பிளாஸ்டிக் வாத்து வந்துவிட்டதால் அந்த மர வாத்துக்கு அலமாரியை விட்டால் வேறு இடம் இல்லை. நம் அம்பாசமுத்திரத்து மரச்சொப்பு அப்படியா? சோறு பொங்கி விளையாடும் குழந்தைகள் இன்றைக்கும் வீட்டுக்கு வீடு இருக்கிறார்களே!

அதைச் செய்வதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கடைசல் பட்டறையில் மரம் சுழலும். உளி பட்டதும் சீவல் சுருள் சுருளாக விழும். குடம், அம்மி, உரல், ஆட்டுக்கல் எல்லாம் விரல் அளவில் பிறக்கும். சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால், அந்தச் சூட்டிலேயே அரக்கு இளகிப் பிடித்துக்கொள்ளும். தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும். தூரிகையே வேண்டாம். முன்பு மஞ்சக்கடம்பு மரத்தில் செய்தார்கள். அந்த மரம் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. நம் பழனி மலையில் அந்நிய மரம் என்று வெட்டி அகற்றும் யூகலிப்டஸையும் வாட்டிலையும் கடைசலுக்குக் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று வடகவுஞ்சியில் உட்கார்ந்துகொண்டு எனக்குத் தோன்றுகிறது. மரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊருக்கு உபதேசம் சொல்கிற நானே என்ன செய்தேன்? பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு, விலை குறைவு என்று பிளாஸ்டிக் அடுப்பும் பாத்திரமும் வாங்கிக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் குப்பைக்குப் போயிற்று. வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிறகு என் பழைய பெட்டியிலிருந்து, பழனி அடிவாரத்தில் அம்மா வாங்கித் தந்த சொப்பை எடுத்துக் கொடுத்தேன். "பழைய சாமான் அம்மா, பத்திரமா வைங்க" என்றாள் மருமகள். விளையாடட்டும், உடைந்தால் உடையட்டும் என்றேன். உடைந்தால்தானே இன்னொன்று வாங்குவோம், கடைகிறவர் வீட்டில் உலை கொதிக்கும்!

சிவப்புக் குடத்தின் மூடியை மட்டும் அவள் எங்கோ தொலைத்துவிட்டாள். அம்பை பக்கம் போகிறவர்கள் இருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். குடத்தைக் கொடுத்தனுப்புகிறேன், அளவு பார்த்து ஒரு மூடி கடைந்து வாங்கி வர வேண்டும்.